முதல் பவளத் தொட்டி: 30 லிட்டரா, 90 லிட்டரா, 200 லிட்டரா?

என் முதல் பவளத் தொட்டி, அதாவது கடல்நீரில் உயிருள்ள பவளம் வளர்க்கும் கண்ணாடித் தொட்டி, ஒரு கனசதுரம். பக்கத்துக்கு 30 சென்டிமீட்டர். கணக்குப்படி 27 லிட்டர் பிடிக்கும். கல்லும் மணலும் போட்ட பிறகு தண்ணீர் 22 லிட்டர் தேறினால் அதிகம். சின்னதாக ஆரம்பிப்போம், கை பழகியதும் பெரிதாக வைத்துக்கொள்வோம் என்று நினைத்துத்தான் வாங்கினேன். நன்னீர் மீன் வளர்த்த பழக்கம் வேறு இருந்தது, அந்தத் தைரியம். எட்டாவது மாதம் அதைக் கலைத்தேன். அடுத்து வைத்தது 90 லிட்டர் சொச்சம், அது இன்றும் ஓடுகிறது. இடையில் நான் ஒன்றும் கெட்டிக்காரனாகிவிடவில்லை. அதே ஆள், அதே அவசரம், அதே மறதி. தண்ணீர் மட்டும்தான் கூடியிருந்தது.

புதிதாகக் கடல்நீர்த் தொட்டி வைக்க நினைப்பவர் முடிவு செய்ய வேண்டியவை நிறைய: அளவு, அமைப்பு, கல், தண்ணீர், விளக்கு, அப்புறம் உள்ளே விடப்போகும் உயிர்கள். ஒவ்வொன்றிலும் எது உயர்ந்தது என்று பார்க்கப்போனால் வாக்குவாதம் முடியாது. நான் இங்கே ஒரே கேள்வியை வைத்துத்தான் ஒப்பிடுகிறேன். நான் தப்புச் செய்யும்போது எது தாங்கும்? முதல் ஆண்டில் தப்பு நடக்கும், அதில் சந்தேகமே வேண்டாம்.

அளவு

சின்னத் தொட்டியில் தண்ணீர் வற்றி உப்பு சீக்கிரம் ஏறிவிடும், அதனால்தான் அது கஷ்டம் என்று பொதுவாகச் சொல்வார்கள். நானும் அப்படியே நம்பியிருந்தேன். ஒருநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஆவியாகிப் போவது வெறும் தண்ணீர், உப்பு தங்கிவிடுகிறது. அது சரி. ஆனால் ஆவியாவது மேற்பரப்பிலிருந்துதானே? என் கனசதுரத்தின் மேற்பரப்பு 900 சதுர சென்டிமீட்டர். நீளம் 60, அகலம் 45, உயரம் 35 உள்ள 94 லிட்டர் தொட்டிக்கு 2,700. பரப்பு மூன்று மடங்கு, கொள்ளளவு மூன்றரை மடங்கு. இரண்டையும் ஒரே அறையில் வைத்தால் உப்பு ஏறும் வேகம் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கும். ஆழம் குறைந்த தட்டையான தொட்டி என்றால் பெரிதாக இருந்தாலும் வேகமாக ஏறும்.

அப்படியானால் சின்னத் தொட்டி ஏன் கவிழ்கிறது? தொட்டியின் அளவு மாறினாலும் நம் தப்பின் அளவு மாறுவதில்லை, அதனால்தான். கைதவறி ஒரு சிட்டிகை உணவு கூடுதலாக விழுந்தால் எந்தத் தொட்டியிலும் அது அதே சிட்டிகை. கல்லுக்குப் பின்னால் செத்துக் கிடக்கும் நத்தை எங்கேயும் ஒரே பருமன். அது அழுகி வரும் அம்மோனியா 22 லிட்டரில் கரைகிறதா, 75 லிட்டரில் கரைகிறதா என்பதுதான் மற்ற உயிர்களின் கதி.

என் கனசதுரத்துக்கு நடந்தது இதுதான். வற்றிய தண்ணீருக்கு ஈடாகச் சுத்தமான தண்ணீரை ஐந்து லிட்டர் கேனிலிருந்து மெல்லிய குழாய் வைத்து இறக்கிக்கொண்டிருந்தேன். அரை லிட்டர் போனதும் நிறுத்த வேண்டும். ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. திரும்பி வந்தபோது கேன் காலி, மேசை ஈரம். கடல்நீரில் உப்பு ஆயிரத்தில் 35 பங்கு. ஐந்து லிட்டர் உப்பில்லாத தண்ணீர் 22 லிட்டரில் கலந்தால் அது 28-க்குப் பக்கத்தில் விழுந்துவிடும். இறால் மறுநாள் காலையில் போனது. நத்தைகள் இரண்டு நாள் கழித்து. அவை அழுகியதில் மிச்சமும் கெட்டது. இதே ஐந்து லிட்டர் 75 லிட்டரில் விழுந்திருந்தால் 33-க்குப் பக்கத்தில் நின்றிருக்கும். நல்ல விஷயமில்லை, ஆனால் பெரும்பாலான உயிர்கள் பிழைத்திருக்கும். இப்போது தானாக நிரப்பும் கருவி வைத்திருக்கிறேன். அதற்கான சேமிப்புக் குடுவையை மட்டும் வேண்டுமென்றே சின்னதாக வைத்திருக்கிறேன். உணரி கோளாறாகி முழுதும் கொட்டினாலும் தொட்டி தாங்க வேண்டும்.

ஹீட்டர் விஷயமும் இதே மாதிரிதான். ஹீட்டர் பழுதாகும் வழிகளில் மோசமானது, தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டு அணையாமல் எரிவது. தண்ணீர் 25, 26 டிகிரி செல்சியஸில் நிற்க வேண்டியது. கொஞ்சம் தண்ணீரைச் சூடாக்கக் கொஞ்ச நேரம் போதும். 90 லிட்டருக்கு 100 வாட் ஒன்றுக்குப் பதில் 50 வாட்டில் இரண்டு வைத்தால், ஒன்று ஒட்டிக்கொண்டாலும் மெதுவாகத்தான் சூடேறும். நாம் கவனிக்க நேரம் கிடைக்கும்.

சின்னத் தொட்டியின் நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். கெடுவது எவ்வளவு சுலபமோ மீட்பதும் அவ்வளவு சுலபம். பாதித் தண்ணீரை மாற்ற ஒரு வாளி போதும். தினமும் வீட்டில் இருப்பவர், மீனே வேண்டாம் என்று இருந்துவிடக் கூடியவர், காளான் பவளம், சோவாந்திட் என்று நாலைந்து மென்பவளமும் ஓர் இறாலும் சில நத்தைகளும் போதும் என்பவர் தாராளமாக 30 லிட்டரில் ஆரம்பிக்கலாம். மீன் இல்லாத பவளத் தொட்டிக்கு ஓர் அழகு உண்டு. யாரும் அதை நம்புவதில்லை.

மறுமுனையில் 200 லிட்டர். தாங்கும் சக்தியில் இதுதான் முதலிடம். ஆனால் தண்ணீர் மட்டுமே 200 கிலோவுக்கு மேல், கண்ணாடியும் கல்லும் தாங்கியும் சேர்ந்தால் இன்னும் கூடும். ஒருமுறை வைத்த இடம்தான், நகர்த்த முடியாது. ஒரு லிட்டருக்கு 36 கிராம் என்று வைத்தாலே முதல் தடவை கரைக்க ஏழு கிலோ உப்பு வேண்டும். வாரம் பத்து சதவீதம் மாற்றினால் 20 லிட்டர், இரண்டு வாளி. இந்தப் பொழுதுபோக்கு நமக்கு ஒத்துவருமா என்று தெரிவதற்கு முன்பே இவ்வளவும்.

என் விடை 75-க்கும் 100-க்கும் நடுவில். இதில் வாரத் தண்ணீர் மாற்றம் எட்டு, ஒன்பது லிட்டர். ஒரே வாளி. இதைச் சாதாரண விஷயமாக நினைக்க வேண்டாம். ஒரு வாளி என்றால் ஞாயிற்றுக்கிழமை தூக்கக் கலக்கத்திலும் செய்துவிடுவேன். இரண்டு மூன்று என்றால் அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவேன் என்பது எனக்கே தெரியும்.

பின்னறை, சம்ப், அல்லது வெறும் தொட்டி

அமைப்பில் மூன்று வழி. முதலாவது, பின்பக்கம் மறைப்புச் சுவர் வைத்து அறைகள் தடுத்த தொட்டி. ஹீட்டர், பம்பு, பஞ்சு எல்லாம் அந்த அறைகளுக்குள் மறைந்துவிடும். ஆங்காங்கே ஆல்-இன்-ஒன் என்று விற்பார்கள். இரண்டாவது, தொட்டியில் துளை போட்டுக் கீழே இன்னொரு தொட்டி வைப்பது, அதாவது சம்ப். மூன்றாவது, சாதாரணக் கண்ணாடித் தொட்டி, விளிம்பில் தொங்கும் ஃபில்டர் ஒன்று, உள்ளே நீரோட்டம் உண்டாக்கும் வேவ்மேக்கர் ஒன்று.

மூன்றாவது வழியை யாரும் பரிந்துரைப்பதில்லை, பார்க்க அழகில்லை என்பதால். ஆனால் மென்பவளத்துக்கு அது போதும். நன்னீர்த் தொட்டி சும்மா கிடந்தால், அதில் செம்பு கலந்த மருந்து எதுவும் எப்போதும் போட்டதில்லை என்று உறுதியாகத் தெரிந்தால், அதையே எடுத்துக்கொள்ளலாம். செம்பு சொட்டு அளவில் இருந்தாலும் இறால், நத்தை, பவளத்துக்கு விஷம்.

சம்ப்பின் பலம் கூடுதல் தண்ணீரும் கருவிகளுக்கு இடமும். ஆனால் மின்சாரம் நின்றதும் மேல் தொட்டியிலிருந்தும் குழாய்களிலிருந்தும் தண்ணீர் கீழே இறங்கும். அதற்குச் சம்ப்பில் காலி இடம் விட்டிருக்க வேண்டும். விடாதவர் வீட்டுத் தரை நனையும். முதல் தொட்டியிலேயே குழாய் வேலையும் கற்றுக்கொள்ள வேண்டுமா என்று யோசியுங்கள்.

பின்னறைத் தொட்டியில் எனக்குப் பிடித்தது வேறொரு குணம். முன்பக்க நீர்மட்டம் தடுப்புச் சுவரின் வெட்டில் நிலையாக நிற்கும், வற்றுவது முழுக்கக் கடைசி அறையில்தான் தெரியும். ஒரு லிட்டர் வற்றினாலும் அந்தக் குறுகிய அறையில் மட்டம் சட்டென்று இறங்கி, பம்பு காற்றை இழுத்துக் கரகரக்கும். அந்தச் சத்தம் ஒரு எச்சரிக்கை மணி. இதே காரணத்துக்காக ஹீட்டரை அந்தக் கடைசி அறையில் வைக்கக் கூடாது, மட்டம் இறங்கினால் அது காற்றில் எரியும்.

கல்

அளவுக்கு அடுத்து ஒரு தொட்டியின் தலையெழுத்தை எழுதுவது கல்தான். கல் என்பது அலங்காரமில்லை, அதுதான் ஃபில்டர். மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் அதன் பொத்தல்களுக்குள் குடியிருக்கின்றன. 1961-இல் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர் தம் முறையை எழுதி வெளியிட்டார்: கடலிலிருந்து எடுத்த உயிருள்ள கற்கள், கடல்நீர், வெளிச்சம், ஒரு காற்றுக்குழாயின் குமிழிகள். அவ்வளவுதான் அவருடைய கருவிகள். இன்றைக்கு நாம் வாங்கும் பெட்டி பெட்டியான சாமான்களைப் பார்க்கும்போது அவர் நினைவுக்கு வருவார்.

தேர்வு இரண்டு. உயிர்க்கல், அதாவது லைவ் ராக், கடலிலிருந்தோ ஓடிக்கொண்டிருக்கும் இன்னொரு தொட்டியிலிருந்தோ ஈரமாக வருவது. உலர்கல், வெறும் காய்ந்த சுண்ணாம்புக் கல்.

உலர்கல்லின் கவர்ச்சி அதன் சுத்தம். மலிவு, வேண்டாத விருந்தாளி கிடையாது, அவசரமில்லாமல் ஒட்டி அடுக்கலாம். ஆனால் காலியாகக் கிடக்கும் நிலத்தில் முதலில் முளைப்பது களைதானே. முதலில் பழுப்புத் தூள் போல டயாட்டம், அப்புறம் பச்சை மயிர்ப்பாசி, சில தொட்டிகளில் சிவப்புப் படலமாக சயனோ, துரதிர்ஷ்டசாலிகளுக்குக் குமிழி கோத்த சளி போல டைனோஃப்ளாஜெல்லேட். ஐந்தாறு மாதம் தொட்டி பார்க்கச் சகிக்காது. பலர் கைவிடுவது இந்தக் காலத்தில்தான். இதில் ஒரு முரண் உண்டு. பாசியைப் பார்த்துப் பயந்து நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் பூஜ்யத்துக்குத் துடைத்து எடுப்பவர்களுக்குத்தான் டைனோ பெரும்பாலும் வருகிறது. நைட்ரேட் 2 முதல் 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு), பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பிபிஎம் இருக்கட்டும். பவளத்துக்கும் சாப்பாடு வேண்டும்.

உயிர்க்கல் இந்தக் கட்டத்தை வெகுவாகச் சுருக்கிவிடும். இடம் ஏற்கெனவே நிரம்பியிருக்கிறது: ஊதா நிறக் கோரலைன் பாசி, கடற்பஞ்சு, பூச்சி, புழு, நுண்ணுயிர். கூடவே அயிப்டேசியா வரலாம். கண்ணாடி போல மெலிந்த சின்ன அனிமோன், பிய்த்தால் துண்டுக்கு ஒன்றாக முளைக்கும். அதைத் தின்னும் பெப்பர்மின்ட் இறால் உண்டு. அதிகம் பேர் அலறுவது முள்புழுவைப் பார்த்து. அது பெரும்பாலும் நல்லது, மிச்சம் மீதியைத் தின்று சுத்தம் செய்கிறது. வெறும் கையால் தொடாமல் இருந்தால் போதும். உண்மையில் கவலைப்பட வேண்டியது வழியில் செத்துப்போகும் உயிர்களைப் பற்றி. தூரத்திலிருந்து வந்த கல்லைத் தனி வாளியில் ஹீட்டரும் பம்பும் வைத்துச் சில வாரம் பதப்படுத்தாமல் தொட்டியில் போட்டால் அம்மோனியா எகிறும்.

என் இரண்டாவது தொட்டியில் கலந்து வைத்தேன். முக்கால்வாசி உலர்கல், கால்வாசி நம்பிக்கையான ஒருவரின் பழைய தொட்டியிலிருந்து வந்த ஈரக்கல். அந்தக் கால் பங்குக் கல்லைக் கையில் புரட்டிப் புரட்டிப் பார்க்க முடிந்தது, அயிப்டேசியா இருந்த ஒரு துண்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அசிங்கமான காலம் எனக்கும் வந்தது. ஆனால் இரண்டு மாதத்தில் போனது.

வாங்குவதற்கு முன் ஒன்று. கல் பவளங்கள் அத்தனையும், அழியக்கூடிய உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருக்கின்றன, உயிர்க்கல்லையும் அதே கணக்கில்தான் சேர்ப்பார்கள். அனுமதிப் பத்திரம் இல்லாமல் நாடு விட்டு நாடு போக முடியாது. சில நாடுகளின் உள்நாட்டுச் சட்டம் இன்னும் கடுமையானது. உங்கள் நாட்டில் எதை வைத்திருக்கலாம் என்று பார்த்துவிட்டே கை வையுங்கள். தொட்டியில் வளர்த்து வெட்டிய பவளத் துண்டு, அதாவது ஃப்ராக், கிடைத்தால் அதுவே எல்லா வகையிலும் மேல். கடலிலிருந்து எடுத்ததைவிட நன்றாகத் தொட்டி வாழ்க்கைக்குப் பழகியிருக்கும்.

தண்ணீர்

குழாய்த் தண்ணீரில் குளோரின் நீக்கும் மருந்தைப் போட்டுவிட்டு உப்பைக் கரைப்பது முதல் வழி. குளோரின் போய்விடும். பாஸ்பேட், சிலிக்கேட், செம்பு போகாது. பாசிக்கு விருந்து. இந்த வழியைச் சட்டென்று ஒதுக்கிவிடலாம்.

கரைத்த கடல்நீரைக் கடையில் வாங்குவது இரண்டாவது. வாரம் ஒன்பது லிட்டர்தான் என்றால் இது மோசமில்லை. வீட்டிலேயே கரைந்திருப்பதையெல்லாம் நீக்கும் ஆர்ஓ-டிஐ வடிகட்டி வைத்து, கரைந்த பொருளை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் பூஜ்யம் காட்டும் தண்ணீரில் நாமே உப்புக் கரைப்பது மூன்றாவது. ஓரிரு மாதம் கடைத் தண்ணீரில் ஓட்டிப் பார்த்துவிட்டு வடிகட்டிக்குப் போவதே என் சிபாரிசு. நேராகக் கடலிலிருந்து மொண்டு வருவது எனக்கு ஒத்துவராது. மழை பெய்த மறுநாள் உப்பு குறைந்திருக்கும், எந்தக் கழிவு எங்கே கலந்தது என்று தெரியாது.

எந்த வழியானாலும் உப்பை அளக்கும் கருவியில் மிச்சம் பிடிக்காதீர்கள். ஊசி ஆடும் மலிவான ஹைட்ரோமீட்டரில் ஒரு காற்றுக்குமிழி ஊசியில் ஒட்டினாலே அளவு கூடிக் காட்டும். ரிஃப்ராக்டோமீட்டர் நல்லது, ஆனால் அதை வெறும் தண்ணீரில் பூஜ்யம் வைத்தால் போதாது. 35 பங்கு என்று குறித்து வரும் சரிபார்ப்புத் திரவத்தில் வைத்துத் திருத்த வேண்டும். நான் ஒருமுறை கடைத் தண்ணீரில் உப்பு குறைவு என்று போய்ச் சண்டையே போட்டேன். கடைக்காரர் பொறுமையாகத் தம் கருவியில் காட்டினார், சரியாக இருந்தது. தப்பு என் கருவியில். அதன்பின் சில வாரம் வேறு வழியாகச் சுற்றிக்கொண்டு போனேன்.

விளக்கும் ஸ்கிம்மரும்

விளக்கில் அதிகம் மெனக்கெட வேண்டாம். டி5 குழல், மெட்டல் ஹாலைடு எல்லாம் நல்ல பவளம் வளர்த்தவைதான். ஆனால் சின்னத் தொட்டிக்கு வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கக் கூடிய, நீலம் மிகுந்த ஓர் எல்இடி போதும். பவளத்தின் தசைக்குள் வாழும் நுண்பாசிதான் அந்த வெளிச்சத்தைச் சாப்பாடாக்குகிறது. அதற்கு வேண்டிய ஒளியை PAR என்ற அளவில் சொல்வார்கள். காளான் பவளத்துக்கு 50 முதல் 100, சோவாந்திட்டுக்கு 150 வரை, ஆக்ரோபோரா என்ற கிளைப்பவளத்துக்கு 200-க்கு மேல். புதியவர் செய்யும் தப்பு வெளிச்சம் குறைவாக வைப்பதல்ல, முதல் நாளே முழுசாகப் போட்டு வெளுக்கச் செய்வது. குறைவாக ஆரம்பித்து வாரக்கணக்கில் கூட்டுங்கள், ஒரு நாளைக்கு எட்டிலிருந்து பத்து மணி நேரம்.

ஸ்கிம்மர், அதாவது குமிழிகளால் கழிவை நுரையாக்கி வெளியேற்றும் கருவி, இந்த அளவுத் தொட்டிக்கு அவசியமில்லை. அந்தக் காசுக்கு, தண்ணீரில் கார்பனேட் எவ்வளவு என்று காட்டும் அல்கலினிட்டி டெஸ்ட் கிட் வாங்குங்கள், மிச்சத்தில் ஒரு வலை மூடியும்.

எந்தப் பவளம்

இங்கேதான் ஆசை நம்மை இழுத்துப் போகும். தேர்வை மூன்று படியாகப் பாருங்கள்.

மென்பவளம்: காளான் பவளம், சோவாந்திட், தோல் பவளம், பச்சை நட்சத்திரப் பவளம். இவை கெட்டியான சுண்ணாம்புக் கூடு கட்டுவதில்லை, அதனால் தண்ணீரிலிருந்து கால்சியத்தையும் கார்பனேட்டையும் அதிகம் உறிஞ்சுவதில்லை. வாரத் தண்ணீர் மாற்றமே எல்லாவற்றையும் ஈடுகட்டிவிடும். நைட்ரேட் கொஞ்சம் கூடினாலும் குறை சொல்லாது. நான் ஆரம்பத்தில் சொன்ன கேள்விக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது. சீனியா என்ற மென்பவளத்தையும் பச்சை நட்சத்திரத்தையும் மட்டும் தனிக்கல்லில், மணலுக்கு நடுவே தீவு மாதிரி வையுங்கள். முக்கியக் கல்லில் ஏறினால் தொட்டி முழுக்க அதுதான்.

சோவாந்திட் பற்றி ஓர் எச்சரிக்கை. அதன் உறவான பாலிதோவா வகைகளில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு இருக்கக்கூடும். 1971-இல் ஹவாயில் பிரித்தெடுக்கப்பட்டது அது. பவளத்தை வெட்டும்போது கையுறையும் கண்ணாடியும் போடுங்கள். கல்லைச் சுத்தம் செய்கிறேன் என்று எக்காரணம் கொண்டும் கொதிக்க வைக்காதீர்கள். அந்த ஆவியைச் சுவாசித்து மருத்துவமனைக்குப் போன குடும்பங்கள் உண்டு.

அடுத்த படி, பெரிய வாய் கொண்ட கல் பவளங்கள். சுத்தியல் பவளம், அகன் போன்றவை. இவை கூடு கட்டுகின்றன, ஆனால் நிதானமாக. கால்சியம் 400 முதல் 450 பிபிஎம், மக்னீசியம் 1,300 சுற்றுவட்டாரம், அல்கலினிட்டி அதன் அலகான டிகேஎச்சில் 8, 9 என்று நிலையாக வைத்திருக்க முடிந்தால் ஆறு மாதத்துக்குப் பிறகு ஒன்றிரண்டு வைக்கலாம். நிலையாக என்பதை அழுத்திச் சொல்கிறேன். எட்டில் நின்றாலும் சரி, ஒன்பதில் நின்றாலும் சரி. இன்று ஏழு, நாளை பத்து என்றால்தான் பவளம் சுருங்கும். சுத்தியல் பவளத்துக்கு நீண்ட கொட்டும் கைகள் உண்டு, அக்கம்பக்கத்தில் இடம் விட வேண்டும்.

மூன்றாவது ஆக்ரோபோரா போன்ற கிளைப்பவளங்கள். படங்களில் நாம் பார்த்து மயங்குவது பெரும்பாலும் இவற்றைத்தான். இவை நிறைந்த தொட்டியில் அல்கலினிட்டி ஒரே நாளில் ஒரு டிகேஎச்சுக்கு மேலும் இறங்கலாம், தினமும் ஈடுகட்ட வேண்டும், ஒரு நாள் தவறினாலும் காட்டிக்கொடுக்கும். முதல் ஆண்டில் வேண்டவே வேண்டாம்.

அனிமோன்? கோமாளி மீன் வாங்குகிறவர் எல்லோரும் கேட்பார்கள். மீனுக்கு அது தேவையில்லை, இல்லாமலே பல ஆண்டு வாழும். அனிமோன் இடம் பிடிக்காவிட்டால் நடக்கும். நடந்து போய் வேவ்மேக்கருக்குள் சிக்கிக்கொண்டால் ஒரே இரவில் தொட்டி கஞ்சியாகிவிடும். தொட்டிக்கு ஒரு வயதாகட்டும், அப்போது பேசிக்கொள்ளலாம்.

மீன்

90 லிட்டருக்கு மீன் இரண்டு, போனால் மூன்று. தொட்டியிலேயே குஞ்சு பொரித்து வளர்த்த ஒசெல்லாரிஸ் கோமாளி மீன் ஜோடிக்கு நிகரான முதல் மீன் இல்லை. போட்ட உணவைத் தின்னும், பிடிபட்ட அதிர்ச்சி கிடையாது. அளவில் ஒன்று பெரியதும் ஒன்று சின்னதுமாக இளசில் வாங்கினால் போதும், பெரியது பெண்ணாக மாறிக்கொள்ளும். துணைக்கு மணலில் வளை தோண்டும் மஞ்சள் கோபி ஒன்று. அதோடு பிஸ்டல் இறால் ஒன்றும் சேர்ந்தால் இறால் தோண்ட, மீன் வாசலில் காவல் நிற்கும் காட்சியைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். கோபிகள் குதிக்கும். வலை மூடி என்று மேலே சொன்னது இதற்காகத்தான்.

நீல டேங் குட்டியாகத்தான் விற்கும், 30 சென்டிமீட்டர் வரை வளரும். மாண்டரின் மீன் அழகுதான், ஆனால் உயிருள்ள நுண்ணிறால்களைத் தவிர வேறெதையும் எளிதில் தின்னாது. புதிய சின்னத் தொட்டியில் பட்டினி கிடந்தே சாகும். இரண்டையும் விற்கத் தயங்காத கடைகள் இருக்கின்றன.

புதிய மீனைத் தனித் தொட்டியில் சில வாரம் வைத்துப் பார்ப்பதா, நேரே விடுவதா என்பதும் ஒரு தேர்வு. கிரிப்டோகேரியான் என்ற வெள்ளைப்புள்ளி நோய் பவளத் தொட்டிக்குள் வந்துவிட்டால் செம்பு மருந்து போட முடியாது, பவளமும் நத்தையும் சாகும். மீன்களை வெளியே எடுத்துவிட்டு, தொட்டியை மீனில்லாமல் பல வாரம் விட வேண்டும். வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு 76 நாள். கல்லை எல்லாம் கலைக்காமல் கோமாளி மீனைப் பிடிக்க முயன்றவருக்குத்தான் தெரியும், முன்னாலேயே தனியாக வைத்திருக்கலாமே என்று. ஒரு பிளாஸ்டிக் டப்பா, ஹீட்டர், பஞ்சு ஃபில்டர், இவ்வளவுதான் அதற்கு வேண்டியது.

எப்போது

கடைசித் தேர்வு காத்திருப்பதில். குப்பியில் அடைத்த நுண்ணுயிரை ஊற்றி அன்றே மீன் விடலாம் என்பார்கள் சிலர். சில குப்பிகள் வேலை செய்கின்றன. எது செய்தது, எது செய்யவில்லை என்பது மீன் விட்ட பிறகுதான் தெரியும் என்பதே சிக்கல். இன்னொரு வழி மீனில்லாமல் சோதிப்பது. குப்பியை ஊற்றுங்கள், தப்பில்லை. ஆனால் மீனுக்குப் பதிலாக அம்மோனியம் குளோரைடு கரைசலைச் சொட்டு விட்டு அம்மோனியாவை 2 பிபிஎம் ஆக்குங்கள். விளக்கு வேண்டாம், எரிந்தால் பாசிக்குத்தான் லாபம். 24 மணி நேரத்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வந்தால் கல் தயார். வராவிட்டால் இன்னும் சில நாள். வழக்கமாக நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும், ஈரக்கல் இருந்தால் குறையும். இடையில் நைட்ரேட் சோதனை தாறுமாறாகக் காட்டினால் பயப்பட வேண்டாம். நைட்ரைட் இருக்கும்வரை அந்தச் சோதனை கூட்டித்தான் காட்டும்.

என் 90 லிட்டரில் அந்த இரண்டு பூஜ்யமும் வந்தது 31-ஆம் நாள். அன்றே ஒரு பெரிய தண்ணீர் மாற்றம் செய்தேன். மறுநாள் இரண்டு ட்ரோகஸ் நத்தை விட்டேன். கவிழ்ந்தாலும் தானாக நிமிர்ந்துகொள்ளும் நத்தை அது. அவற்றின் ஓட்டில் ஊதா நிறப் பாசி ஒட்டியிருந்ததால் உலர்கல்லுக்கு விதையும் ஆயிற்று. அடுத்த வாரம் ஒரு காளான் பவளம். கோமாளி மீன்கள் இரண்டும் அதற்குள் பிளாஸ்டிக் டப்பாவில் இருந்தன. தொட்டிக்கு வர அவற்றுக்கு இன்னும் மூன்று வாரம் ஆனது.